நாலடித் தொட்டிக்குத் தரை

என் அக்காவும் மாமாவும் சித்திரை முதல் தேதியிலிருந்து மீன் தொட்டியில் குடியிருக்கிறார்கள். கொளத்தூரில், நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், கிழக்குப் பார்த்த கண்ணாடி. ஏழு மாதம் வீடு தேடி அலைந்தபிறகு கிடைத்தது. வாடகை பரவாயில்லை. தண்ணீர்ப் பிரச்சினை அறவே கிடையாது.

மாமா ஐந்தடி எட்டு அங்குலம். ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதும் பொருந்திவிட்டார். அக்கா சாட்சிக் கையெழுத்து மட்டும்தான் போட்டாள், அதனால் அவள் பொருந்துவதற்கு இரண்டு நாள் ஆனது.

வீட்டு ஓனர் வேதகிரி சார் மின்சார பில் போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தன் வீட்டு ஹாலில் இரும்பு ஸ்டாண்டு அடித்து, மூன்று வரிசையாக ஒன்பது தொட்டி வைத்திருக்கிறார். ஒன்பதிலும் ஆள் இருக்கிறது. மேல் வரிசையில் ஒரு பாட்டு டீச்சர் தனியாக இருக்கிறார். அக்காவுக்குக் கிடைத்தது நடு வரிசை, அதனால் ஏறி இறங்குகிற வேலை இல்லை.

வேதகிரி சார் வாக்கியத்துக்கு முன்னால் ஒரு 'அதாவது' வைப்பார், பின்னால் தொண்டையைச் செருமுவார், நடுவில் விதி இருக்கும். குடிபோன அன்றைக்கு அவர் சொன்ன விதி இது.

"அதாவது, கண்ணாடி என்னுது. கண்ணாடிக்கு மேல தரை உங்களுது. நாப்பத்தஞ்சு நாளைக்குக் காத்து மோட்டார் நான் ஓட்டறேன். அதுக்குள்ள தரை போட்டு, செடி நட்டு, வேர் விட்டிருக்கணும். அப்புறம் உங்க மூச்சுக்குச் செடிதான் பொறுப்பு. க்ஹும்."

நாற்பத்தைந்தாம் நாள் அவர் கையை விட்டுச் செடியை இழுத்துப் பார்ப்பார். கையோடு வந்துவிட்டால் அன்றைக்கே காலி செய்ய வேண்டும்.

காலி செய்தால் அக்கா திரும்பிப் போக வேண்டிய இடம் வியாசர்பாடி. அங்கே மாமாவின் வீட்டில் இரண்டு அறை, ஒன்பது பேர். எல்லோரும் டி.வி. பார்த்து முடித்தபிறகு ஹால் இவர்களுக்கு. அதிலும் வாசல் பக்கம் காற்று வருகிறது என்று மாமாவின் அம்மா, எங்கள் அத்தை, குறுக்கே படுத்துக்கொள்வார். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அக்காவும் மாமாவும் மனம்விட்டுப் பேசியதெல்லாம் பேருந்தில்தான், அதுவும் பக்கத்துப் பக்கத்து சீட் கிடைத்த நாட்களில். எனவே தரை முக்கியம்.

தரைக்கு மண் தேடும் வேலையை அக்கா எனக்குக் கொடுத்தாள். பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகச் சும்மா இருந்தேன். தவிர, நான் யார் குரலிலும் பேசுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. ரேஷன் கடையில் பில் போடுகிறவர் குரலில் "பாமாயில் தீந்துபோச்சு" என்று சொன்னால் வரிசை பாதியாகக் குறையும், அந்த அளவுக்குத்தான் உபயோகம். தொட்டிக்குள் இருப்பவர்களிடம் பேச வேண்டுமானால் காற்றுக் குழாயின் வெளிமுனையைக் கழற்றி வாயில் வைத்துப் பேச வேண்டும். பேச்சு குமிழியாகப் போய் உள்ளே உடையும். உடையும்போது குரல் மாறாது, சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

முதலில் மீன் கடை தேவசகாயம் அண்ணனிடம் போனேன். அவர் வெளிநாட்டு மண் ஒன்றைக் காட்டினார். கறுப்பாக, ஹோமியோபதி மாத்திரை மாதிரி உருண்டை உருண்டையாக இருந்தது. செடி அதில் தன்னால் வளருமாம், தண்ணீரைக் கலக்காதாம். மூட்டை மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. நானும் தேவசகாயம் அண்ணனும் நின்றுகொண்டிருந்தோம். அதை மண் என்று சத்தமாகச் சொல்ல வேண்டாம், கோபித்துக்கொள்ளும் என்றார். நாலடித் தொட்டிக்கு ஐந்து மூட்டை பிடிக்கும். அந்த விலை கொடுக்க முடிந்தால் அக்கா தண்ணீருக்கு வெளியிலேயே வீடு பார்த்திருப்பாள். மூட்டையிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்தது எம்-சாண்ட். பக்கத்துத் தெருவில் கட்டடம் கட்டுகிற மேஸ்திரி ஒரு சாக்கு சும்மாவே கொடுத்தார். மூன்று தடவை அலசிப் போட்டோம். கல்லை உடைத்துச் செய்த மணல், முனையெல்லாம் கூர். அக்காவுக்குப் பாதம் கீறிவிட்டது. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டாள். ரப்பர் செருப்பு தண்ணீரில் மிதக்கும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. மாமா ஆபீஸிலிருந்து வரும்வரை அவள் மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே கீரை ஆய்ந்தாள். எம்-சாண்டைத் திருப்பிக் கொடுத்தோம்.

பிறகு மார்பிள் சிப்ஸ். வேதகிரி சார் வீட்டுத் தரைக்குப் போட்டது போக மீதி இருந்தது, எடுத்துக்கொள்ளச் சொன்னார். பார்க்க வெள்ளை வெளேரென்று இருந்தது. கல்லின் மேல் எலுமிச்சை பிழிந்தால் நுரைக்கக் கூடாது, நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீர் கடினமாகிவிடும் என்று தேவசகாயம் அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா பெரம்பூரிலிருந்து எலுமிச்சம்பழத்தோடு வந்து பிழிந்தாள். நுரைத்தது. யாரோ கண் வைத்திருக்கிறார்கள் என்று அம்மா மீதிப் பாதியில் குங்குமம் தடவித் தொட்டியின் மூலையில் வைத்தாள். தொட்டியோடு கிடைத்த மீன் ஒன்று அதைத் தின்றுவிட்டு மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

இதற்குள் பத்தொன்பது நாள் போய்விட்டது. அக்கா வெறும் கண்ணாடியில் நின்று சமைத்துக்கொண்டிருந்தாள். கீழ் வரிசைத் தொட்டியில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள்.

மறுபடியும் தேவசகாயம் அண்ணனிடம் போய், வேதகிரி சார் குரலில், அதாவது ஏழை பாழைக்கு என்ன வழி என்று கேட்டேன். அவர் பயந்துபோய் உண்மையைச் சொன்னார். உரம் படாத ஏரி மண்ணை எடுத்துச் சலிக்க வேண்டும். ஊறவைத்துக் காயவைத்து, மறுபடி ஊறவைத்துக் காயவைத்து, அடியில் ஓரங்குலம் பரப்ப வேண்டும். அதன்மேல் நன்றாக அலசிய ஆற்று மணல் இரண்டங்குலம். வேருக்குச் சாப்பாடு கீழே, காலுக்குத் தரை மேலே.

"மேல இருக்கற மணல் போர்வை மாதிரி பாப்பா. போர்வை வெலகுச்சின்னா கீழ இருக்கறது எந்திரிச்சி உக்காந்துக்கும்" என்றார்.

செங்குன்றம் பக்கம் ஒரு வற்றிய ஏரியில் இரண்டு சாக்கு மண் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்தேன். மண்ணுக்கு ஜன்னலோரம் கொடுத்தார்கள். வீட்டில் அம்மாவின் மாவுச் சல்லடையில் சலித்தோம். வேர்த் துண்டுகள், நத்தை ஓடுகள், ஒரு சிம் கார்டு கிடைத்தன. சிம் கார்டில் யாரோ நாலு வருஷமாக 'எங்கே இருக்கிறாய்' என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதில் போட்டுவிட்டுச் சலிப்பதைத் தொடர்ந்தோம். சித்திரை வெயிலில் இரண்டு நாளில் மண் இரண்டு தடவை காய்ந்துவிட்டது. ஆற்று மணலை இருபத்திரண்டு வாளித் தண்ணீரில் அலசினேன். இருபத்திரண்டாவது வாளி குடிக்கிற மாதிரி இருந்தது.

இருபத்து நாலாம் நாள் தரை போட்டோம். நீளமாக, நாடா மாதிரி இலை உள்ள செடி நாலு கொத்து வாங்கி நட்டோம். அக்கா முதல் தடவையாகக் கால் வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். திரும்பி வந்தாள். பிறகு குழாயின் உள்முனையை வாயில் வைத்து, "பூ மாதிரி இருக்குடி ரஞ்சு" என்றாள்.

அன்று சாயந்திரம் சாப்பிட்டுவிட்டு அவளும் மாமாவும் ஒன்றாக நடந்தார்கள். நாலடி போய், நாலடி வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை, குமிழிகள் சின்னச் சின்னதாக இருந்தன. வாடகைக்கு வீடு வேண்டும் என்று அவள் ஏழு மாதம் அலைந்தது இதற்குத்தான்.

தரை போட்டாகிவிட்டதால் பால் காய்ச்ச வேண்டும் என்றாள் அம்மா. வெறும் கண்ணாடியில் காய்ச்சக் கூடாது என்றுதான் இத்தனை நாள் பொறுத்திருந்தாளாம். இருபத்தாறாம் நாள் புதன்கிழமை, நல்ல நேரத்தில், தொட்டிக்குள் அடுப்பைப் பற்றவைத்தோம். முதல் குச்சி அணைந்தது, இரண்டாவது பிடித்தது. ஒன்றரை லிட்டர் கொழுப்பெடுக்காத பால். கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிய வேண்டும், அப்படியே வழிந்தது. வழிந்த பாலுக்குப் போக இடமில்லாததால் தொட்டி முழுவதும் பரவியது. அக்கா தெரியவில்லை, மாமா தெரியவில்லை, செடி தெரியவில்லை. வேதகிரி சார் மேலிருந்து ஒரு டம்ளர் மொண்டு குடித்துவிட்டு, அதாவது சர்க்கரை கொஞ்சம் கம்மி என்றார்.

தண்ணீரை மாற்றிவிடலாம் என்றேன். பொங்கின பாலைச் சாக்கடையில் கொட்டுவார்களா என்று அம்மா கேட்டாள். பதினாறு நாள் போகட்டும் என்றாள். வேதகிரி சாருக்கும் ஆட்சேபணை இல்லை, நாற்பத்தைந்து நாற்பத்தைந்துதான் என்பதை மட்டும் இன்னொரு தடவை சொன்னார்.

வெள்ளைத் தண்ணீரில் மாமாவுக்கு நிலைகொள்ளவில்லை. அக்காவைத் தேடி அங்கும் இங்கும் நடந்தார். நடக்க நடக்க மேல்மணல் விலகி ஏரி மண் எழும்பியது. வெள்ளையில் பழுப்பு கலந்து, முப்பதாம் நாள் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. அது பரவாயில்லை, ஆனால் வெளிச்சம் உள்ளே போகாவிட்டால் செடி போய்விடும். மாமா குழாயில், என்ன செய்வது, ஓனரைக் கேட்டுச் சொல் என்றார்.

ஓனர் கோயிலுக்குப் போயிருந்தார். நான் குழாயை வாயில் வைத்துக்கொண்டேன்.

"அதாவது, ஜோதிலிங்கம், நடக்காதீங்க. நடந்தா மண்ணு எழும்புது. நின்ன எடத்துல நில்லுங்க. க்ஹும்."

சும்மா விளையாட்டுக்குச் செய்தேன். அடுத்த குமிழியில் 'நான்தான் மாமா' என்று சொல்லிச் சிரிப்பதாக இருந்தேன். ஆனால் சிரித்தால் காற்று அதிகமாகப் போய் மண் இன்னும் எழும்பும். அதனால் சிரிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வாடகைக்கு இருக்கிறவர்கள் ஓனர் குரலை எதிர்த்துப் பேசுவதில்லை. ஆணி அடிக்கக் கூடாது என்றால் காலண்டரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மாமா தென்மேற்கு மூலையில் நின்றவர் நின்றவர்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பாலிசி எண்களைத் தட்டச்சு செய்கிற வேலை அவருக்கு, தொட்டியிலேயே நின்றபடி செய்வதில் கம்பெனிக்கு ஆட்சேபணை இல்லை. அக்கா தடவித் தடவிப் போய்ச் சாப்பாடு கொடுத்தாள். முதல் வாரம் நாலு இட்லி சாப்பிட்டார். அப்புறம் இரண்டு. அப்புறம் பசிக்கவில்லை, கீழேயிருந்தே ஏதோ வருகிற மாதிரி இருக்கிறது என்றார்.

நாற்பதாம் நாள் தண்ணீர் தானாகவே தெளிய ஆரம்பித்தது. நாற்பத்திரண்டில் செடி தெரிந்தது. இலைகள் ஊறிப்போன அப்பளம் மாதிரி இருந்தன, தொட்டால் கையில் ஒட்டின. அக்கா எவர்சில்வர் பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கட்டைப்பையில் வைக்கத் தொடங்கினாள். பருப்பு டப்பாவை மேலே வைத்தாள். வியாசர்பாடி ஹாலில் பாய் போடுகிற இடத்தில் வைத்திருந்த தையல் மிஷினை அத்தை நகர்த்திவிட்டதாகப் போன் வந்தது என்று மட்டும் சொன்னாள்.

நாற்பத்தைந்தாம் நாள் காலை பத்து மணிக்கு வேதகிரி சார் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நோட்டோடு வந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, அவர் குரலில், அதாவது அறுபது நாள் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சற்று யோசித்துவிட்டு, அப்படி நான் எங்கேயும் எழுதித் தரவில்லை என்று தனக்குத்தானே மறுப்புச் சொன்னார். நோட்டிலும் அதைக் குறித்துக்கொண்டார்.

முதல் கொத்தை இழுத்தார், வந்தது. இரண்டாவதை இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது விரல் பட்டதும் கரைந்தது. நாலாவதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், அடியில் ஒன்றும் இல்லை. நாலையும் ஒரு பேப்பரில் வைத்தார். அக்கா கட்டைப்பையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

வேதகிரி சார் எதையும் பாதியில் விடுகிறவர் இல்லை. கையை மூலைவரை கொண்டுபோனார். மாமாவின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னொரு கையையும் விட்டு, இரண்டு அக்குளிலும் பிடித்து மெதுவாக, பிறகு அழுத்தமாக இழுத்தார். மாமா கொஞ்சம் நீண்டார், வரவில்லை.

வேதகிரி சார் கீழே குனிந்து, மீட்டர் பார்க்கிற மாதிரி, கண்ணாடிக்குள் பார்த்தார். நானும் பார்த்தேன். மாமாவின் உள்ளங்காலிலிருந்து வெள்ளை வெள்ளையாக வேர் கிளம்பி, மணலைத் தாண்டி, ஏரி மண்ணில் இறங்கி, ஒரு சாண் அகலத்துக்குப் பரவியிருந்தது. நுனிகள் புதுசாக இருந்தன.

"நடு வரிசை, ரெண்டாவது தொட்டி. செடி ஒண்ணு. வேர் உண்டு" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். மோட்டாரை நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். அடுத்த தொட்டிக்குப் போனார்.

மோட்டார் நின்றதும் குழாயிலிருந்து வந்த குமிழிகள் நின்றன. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிழக்கு ஜன்னல் வெயில் தொட்டியில் விழுந்தது. மாமாவின் காதோரத்திலிருந்து முதலில் ஒரு குமிழி புறப்பட்டது. பிறகு பாசிமணி கோத்த மாதிரி வரிசையாக வர ஆரம்பித்தன. அக்கா மூச்சை விட்டாள். மறுபடி இழுத்தாள். போதுமானதாக இருந்தது. கட்டைப்பையைக் கீழே வைத்து, பருப்பு டப்பாவை வெளியே எடுத்தாள்.

"வலிக்குதாங்க?" என்று கேட்டாள். குழாயின் வெளிமுனை என் காதில் இருந்தது.

"இல்ல தாட்சா. லேசாக் கூசுது."

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் குழாய் வழியாக உண்மையைச் சொன்னேன். நில்லுங்கள் என்ற குரல் ஓனருடையது இல்லை, என்னுடையது என்றேன். தெரியும் என்றாள். வேதகிரி சார் தொட்டியில் இருக்கிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே கிடையாதாம், நம்பர்தானாம். அப்படியானால் மாமாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஏழு மாசம் தெருத்தெருவா நடந்தாருடி. நிக்கட்டும்னு விட்டுட்டேன்."

இப்போது சாப்பிட்டபிறகு அக்கா மட்டும் நடக்கிறாள். நாலடி போய் வருவதில்லை, மாமாவைச் சுற்றி வருகிறாள். மாமா இடுப்புவரைக்கும் அவளோடு திரும்புகிறார், அப்புறம் அவள் மறுபக்கம் வரும்வரை காத்திருக்கிறார். குமிழிகள் சின்னதாகத்தான் இருக்கின்றன. அவருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வெளிச்சம் தேவை. வாரம் ஒரு தடவை வேரைச் சுற்றி அக்கா ஒரு குச்சியால் மண்ணைக் குத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அடியில் வாயு சேர்ந்துவிடும். அந்தக் குச்சியைத் தேவசகாயம் அண்ணன் இலவசமாகக் கொடுத்தார்.

நேற்று மேல் வரிசையிலிருந்து ஒரு சீட்டு நூலில் இறங்கி வந்தது. அக்காவுக்குப் பின்னால் குடிவந்த பாட்டு டீச்சர் எழுதியிருந்தார். அவருடைய செடியும் பிடிக்கவில்லையாம், இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறதாம், உங்கள் வீட்டுக்காரரிலிருந்து ஒரு கிளை கிடைக்குமா என்று கேட்டிருந்தார். பக்கத்து வீட்டில் செடி கேட்டால் இல்லையென்று சொல்வது வழக்கமில்லை. மாமாவுக்கு இரண்டு தோளிலும் துளிர் விட்டிருக்கிறது, ஒவ்வொன்றும் இரண்டு விரல் நீளம், ஒவ்வொன்றிலும் லேசாக மீசை அரும்பியிருக்கிறது. துருப்பிடிக்காத கத்தரிக்கோல் ஒன்று கொண்டுவா என்று அக்கா என்னிடம் சொன்னாள். மாமா எந்தத் தோள் என்று கேட்டார். டீச்சரிடம் கேட்டு அனுப்பினோம். சுருதி சேர்கிற பக்கமாகப் பார்த்து வெட்டுங்கள் என்று பதில் வந்தது. இரண்டு துளிரையும் பாடச் சொல்லிக் கேட்டோம். இடது பக்கத்தை வெட்டினோம்.